களஞ்சியத்தில் நான்கு நாள் இருக்கும் இனிப்பு

யோமரியைக் கையில் எடுத்ததும் முதலில் அதன் வாலைப் பாருங்கள். ஒரு பக்கம் உருண்டு திரண்டு, மறுபக்கம் ஒடுங்கிக் கூராக முடியும் வெள்ளை இனிப்பு. வெளியே அரிசி மாவில் மெல்லிய ஓடு, உள்ளே சாக்கு என்கிற கறுத்த வெல்லமும் வறுத்த எள்ளும். ஆவியில் வெந்தது. பூரணக் கொழுக்கட்டை சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை, நாக்கு உடனே ஒப்புக்கொண்டுவிடும். வாலை எவ்வளவு நீளமாக இழுக்கிறார்களோ அவ்வளவு சீக்கிரம் குளிர்காலம் முடியும் என்று காத்மாண்டு பள்ளத்தாக்கின் நேவார் மக்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. டிசம்பர் மாதக் காலையில் அங்கே குழாய்த் தண்ணீரில் ஒரு தடவை கை கழுவிப் பார்த்தவர்கள் வாலை இன்னும் கொஞ்சம் இழுக்கத்தான் சொல்வார்கள்.

வேலை நிமித்தமாக நான் பாடனில் ஒரு நேவார் குடும்பத்தின் வீட்டில் வாடகைக்கு இருந்தேன். லலித்பூர் என்று அரசாங்கக் காகிதங்களில் இருக்கும் ஊர்தான் பாடன். வீட்டின் மூத்தவரை எல்லோரும் 'அஜி' என்பார்கள், பாட்டி என்று பொருள். நானும் அப்படியே கூப்பிட்டேன், அவர் என்னை 'நானி', அதாவது பிள்ளை, என்பார். யோமரி பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த அடுக்களையில் உட்கார்ந்து பார்த்தது. மீதி, அதன் பிறகு தேடிப் படித்தது.

நேவார்கள் அந்தப் பள்ளத்தாக்கின் பழைய குடிகள். காத்மாண்டு, பாடன், பக்தபூர் மூன்று நகரங்களின் கோயில்களும் செங்கல் வீடுகளும் மரச் சன்னல்களும் அவர்கள் கைவேலை. இந்துக்களும் உண்டு, பௌத்தர்களும் உண்டு, ஒரே தெருவில், ஒரே திருவிழாவில். அவர்களுக்கென்று ஓர் ஆண்டுக் கணக்கு இருக்கிறது, நேபாள சம்வத் என்று பெயர். 879 அக்டோபர் 20-இல் தொடங்கியது. தீபாவளியை ஒட்டி அவர்களுக்கு வருஷம் பிறக்கும். அந்தக் கணக்கில் இரண்டாவது மாதம் தின்லா. தின்லா பௌர்ணமிதான் யோமரி புன்ஹி. பெரும்பாலும் டிசம்பரில் வரும்.

ஆனி மாதச் சேற்றில் நட்ட நாற்று ஐப்பசி, கார்த்திகையில் அறுவடையாகி, நெல் காய்ந்து, வீட்டுக்குள் வந்து சேர்ந்த பிறகு வரும் முதல் பெரிய பௌர்ணமி இது. மற்ற நேபாளிகள் இதை தான்ய பூர்ணிமா என்பார்கள். பள்ளத்தாக்கின் நேவார் உழவர்களான ஜ்யாபு சமூகத்தாருக்கு இது தங்கள் நாள். ஜ்யாபு தினம் என்றே கொண்டாடுகிறார்கள். கறுப்புச் சேலையில் சிவப்புக் கரை போட்ட 'ஹாகு பட்டாசி' கட்டிய பெண்களும் திமே என்கிற பெரிய மேளத்தை அடித்துக்கொண்டு வரும் ஆண்களும் தெருவை நிறைத்துவிடுவார்கள்.

இந்த இனிப்பு பிறந்த இடம் என்று சொல்லப்படுவது பனௌதி. காத்மாண்டிலிருந்து தென்கிழக்கே சுமார் 32 கிலோமீட்டர். புண்ணியமதி, ரோசி என்ற இரண்டு ஆறுகள் கூடும் சின்ன நகரம். 1294-இல் கட்டிய இந்திரேஸ்வர் மகாதேவ் கோயில் அங்கே இருக்கிறது. பனௌதியின் பழைய பெயர் பாஞ்சால நகரம் என்று கதை சொல்கிறவர்கள் ஆரம்பிப்பார்கள். அங்கே சுசந்திரன் என்றொரு உழவன், அவன் மனைவி கிரிதா. புது நெல் வந்த சமயம், புது அரிசி மாவை வைத்து என்ன செய்யலாம் என்று இருவரும் யோசித்துப் பிசைந்து பிடித்த பலகாரம்தான் யோமரி. தாங்கள் சாப்பிட்டதோடு நிற்காமல் ஊருக்கும் கொடுத்தார்கள். அந்த வழியாகப் பிச்சைக்காரன் வேஷத்தில் குபேரன் வந்தான். அவனுக்கும் கொடுத்தார்கள். மனம் குளிர்ந்த குபேரன் தன் உருவத்தைக் காட்டி ஒரு வரம் தந்தான்: தின்லா பௌர்ணமியில் யோமரி செய்து, குபேரன் உருவமும் மாவில் பிடித்து, நெற்களஞ்சியத்தில் வைத்து, நான்கு நாள் பூஜை செய்கிற வீட்டில் தரித்திரம் இருக்காது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது வரிசை. முதலில் ஊருக்குக் கொடுத்தார்கள். சாமி அதற்குப் பிறகுதான் வந்தது. வந்ததும் சாமியாக இல்லை, பசித்த ஆளாக. பௌர்ணமி அன்று செய்யும் யோமரியில் ஒரு பங்கு பகாரி என்கிற நெற்குதிருக்குள் போய்விடுகிறது. நான்காம் நாள் எடுத்துப் பிரசாதமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதுவரைக்கும் வீட்டில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். இனிப்பைச் செய்ததும் வாயில் போடாமல் நெல்லோடு கொஞ்ச நாள் இருக்கவிடுவது, யார் தயவில் இந்த இனிப்பு வந்தது என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பழைய நேவார் வீட்டின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தரைத்தளம் சேலி: சாமான் போடவும் தொழில் செய்யவும். அதன் மேல் மாத்தான், படுக்கைக்கு. அதற்கும் மேல் சோத்தா, எல்லோரும் கூடி உட்காரும் இடம். கூரைக்கு அடியில் பைகா: அங்கேதான் அடுப்பு, அங்கேதான் சாமி. அடுக்களை உச்சியில் இருப்பதால் வெளியாட்கள் அங்கே வரைக்கும் ஏறுவதில்லை. முன்பெல்லாம் வெளிச்சாதியாரை ஏறவும் விடமாட்டார்கள். சமையலறைக்கும் சாமியறைக்கும் நடுவில் கோடு கிடையாது, அதனால் கட்டுப்பாடு அதிகம். நான் ஏற முடிந்தது காலம் மாறியதால்தான். அந்தக் காலக் கட்டுப்பாடு போனதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

அஜியின் வீட்டில் இப்போது பகாரி இல்லை. வயலும் இல்லை. பள்ளத்தாக்கில் எத்தனையோ குடும்பங்களைப் போல அவர்களுடைய நிலமும் ப்ளாட்டாகி, மேலே கான்கிரீட் எழும்பிவிட்டது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் சாங்கு, புங்கமதி, கோகனா, பக்தபூர் என்று பழைய நேவார் குடியிருப்புகளில் ஏராளமான வீடுகள் விழுந்தன. திரும்பக் கட்டிய வீடுகளில் பலவும் பில்லர் வீடுகள். அவற்றில் குதிர் வைக்க இடம் விடுவார் யார்? அஜி என்ன செய்கிறார் தெரியுமா? கடையில் வாங்கிய அரிசியைக் கொட்டி வைத்திருக்கும் தகர டிரம்மின் மூடியைத் திறந்து, அரிசியின் மேல் ஒரு பித்தளைத் தட்டு, அதில் யோமரி, பக்கத்தில் மாவில் பிடித்த குட்டிக் குபேரன், ஒரு பிள்ளையார், சிந்தூரம், ஒரு பூ. மூடியை மூடிவிடுகிறார். நான்கு நாளும் அந்த வீட்டில் சமையலுக்கு அரிசி வேறு பையிலிருந்துதான் எடுப்பார்கள். அந்தப் பையை முன்கூட்டியே நிரப்பி வைத்துவிடுவார்.

இப்போது அடுக்களைக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அரிசி தைசின். பள்ளத்தாக்கில் அவலுக்கும் யோமரிக்கும் பேர்போனது. 1960களில் தைவானிலிருந்து வந்த தைசுங் என்ற நெல் வகை, நேவார் வாயில் தைசின் ஆகி, இன்று பாரம்பரிய அரிசி என்றே எல்லோரும் சொல்லுமளவுக்கு ஊன்றிவிட்டது. எத்தனையோ தலைமுறைச் சடங்குக்குள் அறுபது வருஷ நெல் இப்படி உட்கார்ந்துகொள்ள முடிகிறது. மரபு என்றால் எதையும் மாற்றாமல் வைத்திருப்பது என்று பேசுகிறவர்களுக்கு நான் இந்தத் தைசினைத்தான் காட்டுவேன்.

அரிசியை ஊறவைத்து, வடித்து, இடித்துச் சலித்த மாவு. அதில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி முதலில் கரண்டியால் கிளறுவார், கை பொறுக்கும் சூடு வந்ததும் பிசைய ஆரம்பிப்பார். அஜி பிசைகிற நேரம் பார்க்கிறவர்களுக்கே கை வலிக்கும். மாவு கையில் ஒட்டாமல், விரலால் அழுத்தினால் ஓரம் வெடிக்காமல் இருக்க வேண்டும். வெடித்தால் இன்னும் பிசைய வேண்டும். அப்புறம் ஈரத்துணி போட்டு மூடிவிடுவார். பூரணத்துக்கு, சாக்கை உடைத்து லேசான தீயில் இளக்கி, வறுத்துப் பொடித்த எள்ளும் ஒரு கரண்டி நெய்யும். சிலர் தேங்காய்த் துருவலும் போடுவார்கள். கோவா வைத்தும் செய்வார்கள். உளுந்து விழுதோ கொத்துக்கறியோ வைத்த காரமான யோமரியும் உண்டு. அஜி வீட்டில் பௌர்ணமிக்கு சாக்கும் கோவாவும்தான்.

ஓடு பிடிப்பதுதான் வித்தை. எலுமிச்சை அளவு உருண்டையை எடுத்து, முதலில் உள்ளங்கையில் வைத்து ஒரு முனை கூராகும்படி உருட்டுகிறார். ஆள்காட்டி விரலில் எண்ணெய் தொட்டுத் தடித்த பக்கத்தின் நடுவில் குத்துகிறார். அதன் பிறகு விரல் அசையாது, மற்ற கைதான் மாவைச் சுற்றிச் சுற்றித் திருப்பும். ஒவ்வொரு சுற்றுக்கும் விரல் கொஞ்சம் ஆழமாகப் போகும், சுவர் கொஞ்சம் மெலியும். அடுப்பு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் உள்ளே இருக்கும் விரல் நிழலாகத் தெரிய வேண்டும், அதுதான் அஜியின் அளவு. அதற்குமேல் மெலிந்தால் ஆவியில் கிழிந்து சாக்கு ஒழுகிவிடும், தடித்தால் மாவுதான் வாயில் தட்டும். பூரணத்தை ஊற்றி, வாயைக் கிள்ளிச் சேர்த்து, அந்த இடத்திலும் சின்னதாக ஒரு முனை இழுத்துவிடுகிறார். எண்ணெய் தடவிய தட்டில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, பத்துப் பதினைந்து நிமிஷம் ஆவி. முன்பு அடியில் துளையிட்ட மண்பானையில் வைத்து அவித்தார்கள். இப்போது மோமோ அவிக்கும் அலுமினிய அடுக்குப் பாத்திரம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, யோமரியும் அதிலேயே வேகிறது.

அஜியின் பேத்தி, எட்டு வயதுக்காரி, பக்கத்தில் உட்கார்ந்து பிடித்த ஓடு ஒரு பக்கம் கிழிந்தது. அஜி அதை வாங்கி உருட்டி மறுபடி அவள் கையிலேயே கொடுத்தார். “விரலைத் திருப்பாதே, மாவைத் திருப்பு” என்றார். அவள் திரும்பப் பிடித்தாள், அதுவும் கிழிந்தது. அந்த மாவை எடுத்து யானை செய்துகொள்ளச் சொல்லிவிட்டார். இந்த நாளில் மாவில் சாமி உருவங்களும் மிருகங்களும் பிடித்து யோமரியோடு சேர்த்தே அவிப்பார்கள், பிள்ளைகளின் கைக்கு அது ஒரு பழக்கம். மாலைக்குள் அவள் தட்டில் மூன்று யானையும் ஒரு யோமரியும் இருந்தன. அந்த ஒன்றை அஜி தகர டிரம்முக்குள் போகும் தட்டில் வைத்தார்.

சாக்கு பற்றியும் சொல்ல வேண்டும். அதற்குப் பேர்போன ஊர் தோக்கா, காத்மாண்டின் வடக்கே உள்ள பழைய நேவார் நகரம். ஒரு காலத்தில் கரும்பு விளைந்த ஊர், இப்போது வெல்லம் தெற்குச் சமவெளியான தராயிலிருந்து வருகிறது. வெல்லத்தைப் பெரிய வாணலியில் கெட்டியாகக் காய்ச்சி, ஆறவிட்டு, கைபொறுக்கும் சூட்டில் ஒரு மரமுளையில் தொங்கவிட்டு இழுப்பார்கள். இழுத்து, மடித்து, மறுபடி முளையில் போட்டு இழுக்க இழுக்க அதன் கறுப்பு கொஞ்சம் வெளுக்கும். தோளும் முதுகும் பிடித்துக்கொள்ளும் வேலை. தை முதல் நாளில் சூரியன் மகரத்தில் நுழைவதை நாம் பொங்கலாகக் கொண்டாடும்போது, நேவார்கள் அதே நாளை 'க்யாச்சாக்கு சங்ல்ஹூ' என்று நெய்யும் சாக்கும் தின்று கொண்டாடுகிறார்கள். வீட்டின் மூத்த பெண்மணி பிள்ளைகளின் உச்சந்தலையில் கடுகெண்ணெய் வைப்பார். தோக்காவில் ஆண்டின் உச்ச வேலை அந்த நாளுக்காகத்தான். யோமரிக்கு அதற்கு முன்பே வேண்டும் என்பதால் முன்கூட்டியே அடுப்பு எரியத் தொடங்கிவிடும்.

பௌர்ணமி மாலையில் பிள்ளைகள் கூட்டமாகக் கிளம்பி வீடு வீடாகப் போய் யோமரி கேட்பார்கள். கேட்பதற்கென்றே ஒரு பாட்டு இருக்கிறது. யோமரிக்கு முனை கூர், உள்ளே இருப்பது கறுப்பு, கொடுத்தால் குமரி, கொடுக்காவிட்டால் கிழவி என்று போகும். கதவைத் திறப்பவர் நிஜமாகவே கிழவியாக இருந்தாலும் இந்த வரிக்கு மயங்கித்தான் ஆக வேண்டும். அஜி கதவைத் திறந்தபோது பிள்ளைகள் அந்த வரியை இன்னும் சத்தமாகப் பாடினார்கள், அவர் கேட்டதைவிடக் கூடுதலாகவே போட்டார். குபேரன் எந்த வேஷத்தில் வருவான் என்று யாருக்குத் தெரியும் என்பதும் இதற்குள் இருக்கிறது. இந்த இரவில் வாசலில் நிற்கும் யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

அந்தப் பாட்டு நேபாள் பாஷாவில் இருக்கிறது. நேவார்களின் தாய்மொழி, திபெத்-பர்மியக் குடும்பம், தனக்கென்று எழுத்துகளும் நூற்றாண்டுகளாக இலக்கியமும் உள்ள மொழி. நேபாளத்தை முன்பு ஆண்ட ராணா குடும்பத்தின் ஆட்சியில் இதில் எழுதியதற்காகவே கவிஞர்களைச் சிறையில் போட்டார்கள். சித்ததர் ஹிருதயா 1941-இல் சிறைக்குப் போனார். 1965-இல் ரேடியோ நேபாளம் இந்த மொழியில் செய்தி வாசிப்பதை நிறுத்தியது. 2021 கணக்கெடுப்பின்படி நேபாளத்தில் நேவார்கள் 13 லட்சத்துக்கும் மேல், அதைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் ஏறத்தாழ 8.6 லட்சம். அந்த இடைவெளியை நான் தெருவிலேயே பார்த்தேன். பாட்டைப் பாடிக்கொண்டு வந்த பிள்ளைகள் பாடி முடித்ததும் தங்களுக்குள் நாட்டின் பொதுமொழியான நேபாளியில் பேசிக்கொண்டார்கள். அஜியின் பேத்தியும் அப்படித்தான். அஜி நேபாள் பாஷாவில் கேட்பார், அவள் நேபாளியில் பதில் சொல்வாள். ஆனால் பாட்டு மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் வரும். வருஷத்தில் ஒரு மாலைக்காவது அந்த மொழி அவர்கள் வாயில் இருக்கிறதே, அதுவும் ஒன்றைக் கேட்டு வாங்கும் மொழியாக இருக்கிறதே என்று எனக்கு ஆறுதல். அது போதுமா என்றால், போதாது. பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் நடக்க வேண்டிய வேலையை ஓர் இனிப்பின் தலையில் கட்ட முடியாது.

யோமரிக்குப் பௌர்ணமியோடு வேலை முடிவதில்லை. குழந்தைக்கு இரண்டு வயது நிறையும்போது, பிறகு நான்கு, ஆறு என்று இரட்டைப்படை வயதுகளில் பன்னிரண்டு வரைக்கும், யோமரியை நூலில் கோத்து மாலையாகப் போடும் வழக்கம் உண்டு. கழுத்தில் மாலையோடு அழும் இரண்டு வயதுப் பிள்ளைகளின் படம் பல நேவார் வீட்டு ஆல்பங்களில் இருக்கும்.

நேவார் சடங்குகளில் இன்னொரு பெரிய இனிப்பு லாக்காமரி. கோதுமை மாவும் அரிசி மாவும் உளுந்து விழுதும் சேர்த்துப் பின்னல் பின்னலாகப் பெரிய வடிவங்களில் நெய்யில் பொரித்து, சர்க்கரைப் பாகு பூசியது. மொறுமொறுவென்று மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். கல்யாணத்துக்கு அழைக்கும்போது உறவுக்காரர்களுக்கு இதைக் கொடுப்பார்கள், நெருங்கிய உறவுக்குப் பெரியதாக. அதன் அளவைப் பார்த்தே கொடுத்தவர்கள் நம்மை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஆனால் அது வீட்டில் செய்வது இல்லை. ராஜ்கர்ணிகார், மதிகர்மி என்ற பெயர்களைக் கொண்ட இனிப்புக்காரக் குடும்பங்களின் கைத்தொழில். கைதேர்ந்தவர்களின் அழகு அதில் இருக்கிறது, மதிக்கிறேன். இருந்தாலும் என் மனம் யோமரி பக்கம்தான் சாயும். அதைச் செய்யத் தனியாக ஒரு கூட்டம் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் விரலில் எண்ணெய் தொட்டாக வேண்டும்.

இப்போது யோமரி வருஷம் முழுக்கக் கடையில் கிடைக்கிறது. பாடனிலும் காத்மாண்டிலும் கஃபேக்களின் பட்டியலில் இருக்கிறது, சாக்லேட் பூரணம்கூட வந்துவிட்டது. உறைய வைத்துப் பாக்கெட்டிலும் விற்கிறார்கள். சாக்லேட் பற்றி எனக்குப் புகார் இல்லை. பூரணம் எப்போதும் அவரவர் வீட்டு விருப்பம், தைவான் நெல்லுக்கு இடம் கொடுத்த இனிப்பு சாக்லேட்டுக்கும் கொடுக்கட்டும். கஃபேக்களுக்காக யோமரி பிடித்துக் கொடுத்துச் சம்பாதிக்கும் பெண்கள் இருக்கிறார்கள், நெடுநாள் கூலி இல்லாமல் கிடந்த ஒரு கைத்திறனுக்குக் காசு வருவது நல்லதுதான். பிளாஸ்டிக் அச்சு மட்டும் எனக்கு ஒப்பவில்லை. மாவை உள்ளே அமுக்கி மூடினால் எல்லாம் ஒரே அளவில், ஒரே தடிப்பில் வந்து விழும். நேரம் மிச்சமாகும், சரி. ஆனால் அச்சு வந்த வீட்டில் பாட்டியின் பக்கத்தில் பேத்தி உட்காரக் காரணம் இல்லாமல் போய்விடுகிறது. கிழிந்த மாவில் யானை பிடிக்கும் வேலையும் இல்லை. ஒரு தலைமுறை இப்படிப் போய்விட்டால், பிறகு யாராவது ஆசைப்பட்டாலும் சொல்லிக்கொடுக்க விரல் இருக்காது. இதைப் பாதுகாக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் முதலில் தங்கள் வீட்டு அடுக்களையில் உட்காரலாம். ஆண்களும் உட்காரலாம். அஜியின் மகன் அந்தப் பௌர்ணமியில் மாவு பிசைந்தார், அதில் யாருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை.

டிசம்பரில் நேபாளம் போகிறவர்கள் பௌர்ணமித் தேதியைப் பார்த்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள். அன்றைக்கு பாடன், காத்மாண்டு பழைய நகரத் தெருக்களில் சுடச்சுட அவித்துத் தருவார்கள், நெற்றியில் ஆவி அடிக்கும் தூரத்தில் நின்று சாப்பிடலாம். ஊருக்குக் கொண்டுவர யோமரி ஒத்துவராது. ஆறினால் ஓடு விறைத்துவிடும், மறுபடி ஆவியில் வைத்தால்தான் இளகும். அதற்குப் பதில் காத்மாண்டின் அசன் பஜாரில் சாக்கு வாங்கிக்கொள்ளுங்கள், கெடாது. வீட்டில் இடியாப்பத்துக்கு வாங்கும் மாவு இதற்கும் சரியாக வரும். எள்ளைக் கொஞ்சம் தூக்கலாகவே போடுங்கள், சாக்கின் இனிப்பு தனியாக வந்தால் திகட்டும்.